மாலை போட்ட மறுநாள் தம்பிக்கு வலிப்பு வந்தது: இனி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சிவதாபுரம் அக்கா

என் தம்பிக்கு வயது 34. சேலம் சிவதாபுரத்தில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்கு மணி பற்றவைக்கும் வேலையைப் பதினாறு வயதிலிருந்து செய்து வருகிறான். ஆரம்பத்தில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய இரவில் மட்டும் குடித்தவன், மணவாழ்க்கை முறிந்த பிறகு தினமும் குடிக்கத் தொடங்கினான். கடந்த இரண்டு ஆண்டுகளாகக் காலையில் எழுந்ததும் குடித்தால்தான் வேலைக்குக் கிளம்ப முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். குடிக்காத காலையில் அவன் விரல்கள் படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மிளகளவு மணியை இடுக்கியால் எடுத்துச் சங்கிலியின் வளையத்தில் வைப்பதற்குள் அது மூன்று முறை கீழே விழும். இரண்டு மடக்கு உள்ளே போன பிறகு அதே கை அசையாமல் நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து, 'சரக்கு போட்டால்தான் அவனுக்கு வேலை ஓடும்' என்று நாங்களே சொல்லப் பழகிவிட்டோம்.

இந்தக் கார்த்திகை முதல் தேதி காலையில், அம்மா அழுது கேட்டதற்காக ஐயப்பனுக்கு மாலை போட்டான். முந்தின இரவு ஒன்பது மணிக்குக் குடித்ததே கடைசி. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளிக்கப் போனவன், வலிப்பு வந்து குளியலறையிலேயே விழுந்துவிட்டான். நாங்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்து, வாயில் தண்ணீர் ஊற்றினோம். மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் இரவு, சுவரில் வெள்ளிக் கம்பிகள் புழுவைப் போல நெளிகின்றன என்று சொல்லிக்கொண்டு விடிய விடியப் போர்வையைத் தட்டிக்கொண்டே இருந்தான். எட்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 'இனிமேல் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு மேல் எங்களுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள் ஆகிறது, அவன் குடிக்கவில்லை.

தீட்டோடு மாலை போட்டதுதான் வலிப்புக்குக் காரணம், அதைப் பாதியில் கழற்றியதும் சேர்ந்து தெய்வக் குற்றம் ஆகிவிட்டது என்று அம்மா நம்புகிறார். சித்தப்பா ஒரு பொடியை வாங்கி வந்து, அவனுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார். உறவினர் ஒருவர் மூலம் தெரியவந்த மறுவாழ்வு இல்லத்தார், இரவில் வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போய்த் தொண்ணூறு நாள் வைத்திருப்பார்கள் என்றும், முதல் ஒரு மாதம் நாங்கள் அவனைப் பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். பட்டறை முதலாளியோ எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். என் மகனுக்குப் பதினான்கு வயது. மாமன் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவனிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பதில் 1: ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர், அஸ்தம்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு, இது தெய்வக் குற்றம் அல்ல என்பதை முதலில் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். நடந்தது முழுக்க உடல் சார்ந்தது. எந்த மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய அளவுக்கு மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று.

மது மூளையை அடக்கும் பொருள். மூளைக்குள் அமர்த்தும் வேலையைச் செய்கிற காபா என்ற வேதிப்பொருளுக்கு அது துணைநிற்கிறது. கிளர்த்தும் வேலையைச் செய்கிற குளூட்டமேட்டைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகொடுப்பதற்காகக் கிளர்த்தும் பக்கத்தை வலுவாக்கி, அமர்த்தும் பக்கத்தைத் தளர்த்தி வைத்துக்கொள்கிறது. கயிறிழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரென்று கயிற்றை விட்டுவிட்டால் மறுபக்கத்தார் மல்லாந்து விழுவார்கள் அல்லவா, மதுவை ஒரே நாளில் நிறுத்தும்போது மூளைக்கு நேர்வது அதுதான். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் போல ஆனதும் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைக் கண்டு பிதற்றும் குழப்ப நிலை 48 முதல் 96 மணி நேரத்துக்குள் வரும். உங்கள் தம்பிக்கு வலிப்பு வந்தது 32ஆவது மணி நேரத்தில். சுவரில் கம்பிகள் நெளிந்தது அதற்கடுத்த கட்டம். அதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரைப் பறிக்கக்கூடியது. காலை நேரத்து நடுக்கமும் இதே கதையின் முன்பகுதிதான். இரவு முழுதும் மது கிடைக்காத மூளை காலையில் கேட்ட கூலி அது. மது அவருக்குக் கைத்திறனைத் தரவில்லை. தானே உண்டாக்கிய நடுக்கத்தைச் சில மணி நேரம் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஒருமுறை இப்படி வலிப்பு வந்தவர் மீண்டும் தொடர்ந்து குடித்து, மீண்டும் திடீரென்று நிறுத்தினால், அடுத்த முறை இதைவிடக் கடுமையாக வரக்கூடும். ஆகவே, அப்படி ஒரு நிலை வந்தால் வீட்டில் பூட்டி வைத்தோ, சத்தியம் வாங்கியோ, விரதம் இருக்கச் செய்தோ நிறுத்த முயலாதீர்கள். மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். அங்கே குளோர்டயாசிபாக்சைடு, டயசிபாம், லோரசிபாம் போன்ற மருந்துகளில் ஒன்றைக் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நீங்களாகவே கடையில் தொடர்ந்து வாங்கிவிடாதீர்கள், ஏனெனில் அவையும் பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்துகளே.

என் பணிக்காலத்தில் எனக்கு மிகுந்த வருத்தம் தந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடித்துச் சோர்ந்து கிடப்பவரைத் தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துப்போய், 'ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுங்கள், தெம்பு வரும்' என்று குடும்பத்தினரே கேட்பார்கள். நெடுநாள் குடிப்பவர் உடலில் தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து வற்றிப்போயிருக்கும். அந்த ஊசியைப் போடாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தயமினும் செலவழிந்து, கண் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல், நடை தள்ளாடி, சித்தம் கலங்கிப்போகலாம். அதையும் கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போய்விடும். காலையில் சாப்பிட்ட இட்லியைப் பத்து மணிக்கு மறந்துவிட்டு, 'எனக்கு ஏன் சோறு போடவில்லை' என்று மனைவியிடம் சண்டையிட்ட நாற்பத்திரண்டு வயதுக்காரரை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பியின் சீட்டில் தயமின் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நிறுத்தாதீர்கள்.

மறுபடி வலிப்பு வந்தால் சாவியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியுள்ள பொருள்களை விலக்கிவிட்டு, 108ஐ அழையுங்கள்.

எட்டு நாள் சிகிச்சையில் முடிந்தது உடலிலிருந்து மதுவை இறக்கும் வேலை மட்டுமே. உண்மையான சிகிச்சை இனிமேல்தான் தொடங்க வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துப்போய், குடிக்கும் நாட்டத்தைக் குறைக்கும் மருந்து தரலாமா என்று கேளுங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை உண்டு. முன்னதைக் கொடுக்கும் முன் கல்லீரலையும் பின்னதற்குச் சிறுநீரகத்தையும் சோதிப்பார்கள் என்பதால் பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களை எடுத்துச் செல்லுங்கள். நேரில் போகும்வரை பேசிக் கேட்க, போதைப் பழக்கத்துக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான எண் 14416, இரண்டும் கட்டணமற்றவை.

வண்டியில் தூக்கிப்போகும் இல்லத்தைப் பற்றி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. பதிவு பெறாமல் இப்படிப்பட்ட இடத்தை நடத்தக் கூடாது; யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்ப்பதற்கும், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாள் வரைதான். உங்கள் தம்பி தெளிவாக இருக்கிறார், குடிக்காமலும் இருக்கிறார். அவரை எதற்காக இரவில் தூக்க வேண்டும்? 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய நாள் என் தலைமுறைச் செவிலியர் எவருக்கும் மறக்காது. நல்ல இல்லங்களும் இருக்கின்றன. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், மருத்துவர் எந்தெந்த நாள் வருகிறார் என்று கேளுங்கள், உள்ளே சென்று பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். இவற்றுக்கு முகம் சுளிப்பவர்களிடம் அவரை ஒப்படைக்காதீர்கள்.

பதில் 2: அம்மாப்பேட்டை

அந்தப் பொடியைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். என் கணவருக்கு நான் கொடுத்தேன் என்பதால் சொல்கிறேன்.

தறி ஓட்டுபவர் அவர். 'ரசத்தில் ஒரு சிட்டிகை போடுங்கள், பத்து நாளில் குடியையே வெறுத்துவிடுவார்' என்று சொல்லித் தெரிந்தவர் ஒருவர் பொட்டலம் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, கொடுத்தவரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் என் நாத்தனார் மகள் திருமணத்தில் நண்பர்களோடு போய்க் குடித்துவிட்டு வந்தவருக்குச் சற்று நேரத்தில் முகமும் கண்ணும் இரத்தமாகச் சிவந்து, மூச்சு முட்டி, பந்தி நடந்துகொண்டிருந்த கூடத்திலேயே சுருண்டு விழுந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் இருந்தார். பொடியில் கலந்திருந்தது டைசல்ஃபிராமாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மது உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சுப் பொருளை அடுத்த கட்டத்துக்குப் போகவிடாமல் தேக்கி வைக்கும் மருந்து அது என்றும், நோயாளிக்கு எல்லாவற்றையும் விளக்கி, அவர் ஒப்புக்கொண்ட பிறகு, இதயத்தையும் கல்லீரலையும் சோதித்துவிட்டுத் தர வேண்டியதைத் திருட்டுத்தனமாகக் கொடுத்தால் உயிரே போகலாம் என்றும் விளக்கினார். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடலில் இருக்குமாம். மது கலந்த இருமல் மருந்து, அரிஷ்டம் போன்றவைகூட அந்த நாள்களில் ஆகாதாம்.

உடம்பு தேறிவிட்டது. ஆனால் பொடி விஷயம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவர் என் கையால் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் தாயாரின் அடுப்படியில் உட்காருவார். குடித்த நாள்களில்கூட என்னை நம்பியவர் அவர். பிற்பாடு சிகிச்சைக்கு அழைத்தபோது, 'அந்த மாத்திரையில் என்ன கலந்திருக்கிறாய்' என்றுதான் முதலில் கேட்டார். நான் செய்த அந்த ஒரு காரியத்தால் எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் வீணாகப் போயிற்று.

காய்ச்சல் என்று முதலாளியிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொன்னேன். அவர் தறிக்கு வாங்கிய முன்பணத்தை நான் சீட்டுப் பணத்தில் அடைத்தேன், விழுந்த இடத்திலிருந்து நான் தூக்கி வந்தேன், காலையில் எழுந்தபோது நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாதபடி நானே துடைத்து வைத்தேன். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்காக நடக்கும் ஆல்-அனான் கூட்டத்துக்குப் போன பிறகுதான், அவருடைய குடியின் விலையை நான் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே புரிந்தது. அன்பைக் குறைக்க வேண்டாம்; கடனை அடைப்பதையும் பொய் சொல்வதையும் நிறுத்தினாலே போதும்.

பதில் 3: ஏற்காட்டு மேஸ்திரி

அக்கா, நான் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கிறேன். குடிக்காமல் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது பழம் பறிக்கும் காலம் என்பதால் இரவில்தான் எழுத முடிந்தது.

மாலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து மாலை போட்டவன். அப்போது நான் காலையில் குடிப்பவன் அல்ல என்பதால் வலிப்பு ஏதும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் 48 நாள் சுத்தமாக இருந்தேன். ஒவ்வொரு முறையும் மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றே குடித்தேன். 'சாமிக்காக நிறுத்தத் தெரிந்தவனுக்கு எங்களுக்காக நிறுத்தத் தெரியாதா' என்று என் மனைவி கேட்பாள். பதில் சொல்லத் தெரியாமல் நிற்பேன். இப்போது தெரிகிறது. மாலை கழுத்தில் இருந்தவரை, குடிப்பதா வேண்டாமா என்ற முடிவு என் கையில் இல்லை. ஊரே என்னைச் சாமி என்று அழைத்தது, யாரும் என்முன் பாட்டிலைத் திறக்கவில்லை, இரண்டு வேளைக் குளியல், சரண கோஷம், ஒருவேளைச் சாப்பாடு, குருசாமி வீட்டுப் பஜனை என்று பொழுது நிறைந்திருந்தது. கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் போய், பழைய சனிக்கிழமை மட்டும் மிஞ்சும். மாலையில் எந்தக் குறையும் இல்லை. 49ஆவது நாளுக்கு என்னிடம் எந்த ஏற்பாடும் இல்லை என்பதுதான் குறை.

அந்த ஏற்பாட்டை எனக்குக் கொடுத்தது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீள முயன்ற இருவர் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கத் தொடங்கியதில் வளர்ந்தது அது. கட்டணம் இல்லை, ஊர்ப்பெயர் சாதி கேட்பதில்லை. இன்று ஒருநாள் மட்டும் குடிக்காமல் இருப்பது என்பதே அங்கே பேச்சு. முதல் முறை போனபோது, எனக்கு எதிரே இருந்த பெரியவர் தம் மகளின் கொலுசை அடகு வைத்துக் குடித்த கதையைச் சொன்னார். நானும் அதைச் செய்தவன்; அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் தம்பிக்குப் பயன்படும் என்பதால் என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். குடிக்க வேண்டும் என்ற வேட்கை வந்தால் அது முடிவில்லாமல் நீளும் என்று தோன்றும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். எனக்கு அது மாலை ஐந்து மணிக்கு, வெறும் வயிற்றில்தான் வந்தது. ஆகவே நாலரை மணிக்கே இரண்டு மலைவாழைப்பழமும் ஒரு தம்ளர் சுக்குக் காப்பியும் சாப்பிட்டுவிடுவேன், இன்றும் விடவில்லை. சம்பளத்தை முதலாளியிடம் சொல்லி மனைவியின் கணக்கில் போடச் செய்தேன். வீட்டுக்குப் போகும் பாதையை மாற்றினேன். முக்கால் கிலோமீட்டர் கூடுதல் நடை. 'குளிருக்கு இரண்டு மடக்கு' என்ற பேச்சை எங்கள் மலையில் எல்லோரும் சொல்வார்கள். மது தோலில் உள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறுவது போலத் தோன்றும், ஆனால் உடலின் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சாக்கை நானே விட்டுவிட்டேன்.

நான்காம் மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஒருநாள் குடித்துவிட்டேன். எல்லாம் போயிற்று என்று மறுநாள் படுத்துக் கிடந்தபோது, கூட்டத்துப் பெரியவர் தொலைபேசியில், 'நூற்றுப் பத்து நாள் நீ கற்றது எங்கேயும் போகவில்லை, எழுந்து வா' என்றார். உங்கள் தம்பி சறுக்கினாலும் வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள், அக்கா. அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

பட்டறை வேலையை விடச் சொல்லாதீர்கள். கைத்தொழில் உள்ளவனுக்குச் சும்மா இருக்கும் பகல் மிகவும் கொடியது. சில வாரம் பாதி நாள் வேலைக்குப் போகட்டும், தீயருகில் இருக்கலாமா என்பதை மட்டும் வலிப்பு வந்ததைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற ஆசிரியர், செவ்வாய்ப்பேட்டை

மகனைப் பற்றிய கேள்விக்கு மட்டும் எழுதுகிறேன். இந்தியாவிலேயே மதுவிலக்குச் சட்டத்துக்கு வழிகாட்டிய மாவட்டம் நம்முடையது. முன்பு சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, சென்னை மாகாண முதன்மை அமைச்சரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சட்டம் வந்தது, போனது, மீண்டும் வந்தது. பிள்ளைகளைக் காக்கும் பொறுப்பு எந்தக் காலத்திலும் வீட்டை விட்டுப் போகவில்லை.

உங்கள் மகனிடம் உண்மையை மறைக்காதீர்கள். மாமாவுக்குக் காய்ச்சல் என்று சொன்னால், போர்வையைத் தட்டியதைக் கண்ட பிள்ளை உங்கள் மற்றச் சொற்களையும் நம்பாது. மது அடிமைத்தனம் வருவதில் ஏறத்தாழப் பாதிப் பங்கு பரம்பரைக்கு உண்டு என்று இரட்டையர்களை வைத்து நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்குபவர்களுக்கு ஆபத்து மிகவும் கூடுதல். 'நம் குடும்பத்தில் சிலருக்குச் சர்க்கரை வருவது போல இதுவும் வரக்கூடும், ஆகவே நீ மற்றவர்களைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும்' என்று மிரட்டாமல் சொன்னால் பதினான்கு வயதுக்கு அது விளங்கும். உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலங்களையும் கவனியுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னாலும், என் வகுப்பில் கீழுதட்டை மடித்துப் பார்த்தால் வெள்ளையாகப் புண்பட்டிருந்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் எவனும் கெட்ட பிள்ளை அல்லன்.

சிவதாபுரம் அக்கா

எல்லோருக்கும் என் நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் தம்பியிடம் படித்துக் காட்டினேன். அம்மாப்பேட்டை அக்கா எழுதியதைப் படித்தபோது எழுந்து போய், அலமாரியிலிருந்த பொடிப் பொட்டலத்தைத் தானே எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். அது அங்கே இருப்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மூன்று நாளாக ஏன் சாம்பார் வேண்டாம் என்றான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இனி அவனுக்குத் தெரியாமல் எதையும் செய்யமாட்டேன் என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

சீட்டில் தயமின் இருக்கிறது. அது தீர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது, இன்று வாங்கிவிட்டேன். முதலாளியிடம் காலையில் நானே போய் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தீ வேலை வேண்டாம், மருத்துவர் சொல்லும்வரை மணி கோக்க உட்காரட்டும் என்றார். திங்கள்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போகிறோம். மகனையும் உடன் அழைத்துப்போகலாம் என்று நினைக்கிறேன்.

ஏற்காட்டுத் தம்பிக்கு ஒரு கேள்வி: முதல் முறை கூட்டத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்கிறான். யாராவது உடன் வருவார்களா?

ஏற்காட்டு மேஸ்திரி

நான் வருகிறேன், அக்கா. இந்தச் சனிக்கிழமை மதியம் பேருந்தில் இறங்கி, நாலரை மணிக்குச் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் நிற்பேன். அவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள்.